இரண்டாவது விடை

“ரெண்டு கணினி மொழியும் ஒரே வீட்டுல குடித்தனம் பண்ணாதுன்னு ரெண்டு தடவை எழுதி அனுப்பினேன். நீங்க கேக்கல!” புரொபசர் தெர்ஹோர்ஸ்ட் கறுப்பு அங்கியை உதறிக்கொண்டார்.

உட்ரெக்ட் நகரத்துப் பல்கலைக்கழக மண்டபம் நிரம்பி வழிந்தது. டாக்டர் பட்டத்துக்கான பொது விசாரணை. முக்கால் மணி நேரம் தாக்குப்பிடித்தால் பட்டம். தடுமாறினால் தெர்ஹோர்ஸ்ட் கையெழுத்துப் போடமாட்டார்.

“கேக்கலைங்கய்யா. இனிமேலும் கேக்கமாட்டேன்” என்றாள் பட்டத்துக்கு நின்ற லீஸ்பெத். பக்கத்தில் துணைக்கு நின்ற தோழி மார்லூஸ் அவளைக் கிள்ளினாள்.

“எங்க தர்க்க மொழிகிட்ட விதிகளைச் சொன்னாப் போதும், பொருந்துற விடை அத்தனையும் தேடிக் கொட்டும். உங்க சார்பு மொழிக்கு ஒரு கேள்வி, ஒரு விடைதான் பழக்கம். கொட்டுறதை எல்லாம் எங்கே வெச்சுக்கும், தலையிலயா?”

“எதுக்கு வெச்சுக்கணும்? முதல் விடையை வாங்கிக்கும். அடுத்ததை யாராவது கேட்டாத்தான் தேடும். கேக்காத வரைக்கும் அதால ஒரு தொல்லையும் இல்ல.”

“வாய்ப்பந்தல் போடாதீங்க. ஓட்டிக் காட்டுங்க!”

லீஸ்பெத் சுவர்க் கடிகாரத்தை ஒரு பார்வை பார்த்தாள். நிதானமாகத் தண்ணீர் குடித்தாள்.

“சாயங்கால விருந்துல யார் பக்கத்துல யார் உக்காரணும்னு கேக்குறேன். எங்க அத்தையும் சித்தியும் பேசிக்கிறதில்ல. பிராம் மாமா பன்றிப் பண்ணைக் கதையை ஆரம்பிச்சா நிறுத்தமாட்டாரு, அதனால சொந்தக்காரங்க யாரும் அவர் பக்கத்துல வேண்டாம்...” குடும்பச் சண்டைகளை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்த பிறகுதான் மடிக்கணினியின் பொத்தானைத் தட்டினாள்.

திரையில் விடை வந்தது. பிராம் மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியில் புரொபசர் தெர்ஹோர்ஸ்ட்!

மண்டபமே சிரித்தது. முதல் வரிசையிலிருந்து மாமா அவருக்குக் கையாட்டினார்.

“வேற விடை இருக்குல்ல?” தெர்ஹோர்ஸ்டின் முகம் சிவந்துவிட்டது.

“ஏன் இல்லாம? எத்தனை வேணும்னாலும் கேளுங்க. பயமா இருந்தா விட்டுடுங்க.”

“பயமா? எனக்கா? எங்கே, அந்த ரெண்டாவது...”

கதவு திறந்தது. சடங்கு அதிகாரி உள்ளே வந்து மணி கட்டிய கோலைத் தரையில் தட்டினார். “நேரம் முடிந்தது!”

அந்தச் சொல் விழுந்துவிட்டால் யாராக இருந்தாலும் பாதிப் பேச்சில் வாயை மூட வேண்டும். தெர்ஹோர்ஸ்ட் மூடினார். வேறு வழியில்லாமல் கையெழுத்தும் போட்டார்.

விருந்தில் பிராம் மாமா தன் கதையில் மூன்றாவது பன்றியின் பிரசவத்துக்கு வந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் தெர்ஹோர்ஸ்ட் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பாவம்டி மனுஷன்” என்றாள் மார்லூஸ். “இப்பவாவது அந்த ரெண்டாவது விடையைக் காட்டேன். வேற இடத்துல போய் உக்காரட்டும்.”

லீஸ்பெத் மடிக்கணினியைத் திறந்து அவள் பக்கம் திருப்பினாள். காலையில் திருத்தப்போய்க் கெடுத்துவிட்ட பகுதியை அடியோடு வெட்டி எறிந்துவிட்டு, அடுத்த விடையைத் தேட வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வரி போட்டு வைத்திருந்தாள்: ‘இன்னும் எழுதவில்லை.’