கீழே இருந்து முதலிடம்

எஸ்.எஸ்.எல்.சி. முடிவு வந்த மறுநாள், அந்த வட்டாரத்து கார்ப்பரேஷன் பள்ளிகளைத் தேர்ச்சி விகிதப்படி வரிசையாகப் பேப்பரில் போட்டிருந்தார்கள். ராயபுரம் டீக்கடையில் ரஷீது அதை உரக்கப் படித்தான். ஹார்பரில் வின்ச் ஓட்டும் லட்சுமணன், மகள் அம்மு படிக்கும் பள்ளியின் பேர் வருமென்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

வந்தது. பதினான்காவதாக, கடைசியில். நூற்றுக்கு முப்பத்தெட்டு.

"மாமு, கீய இருந்து பாத்தா உம் பொண்ணு ஸ்கூலுதான் ஃபஸ்டு" என்றான் ரஷீது.

கடையே சிரித்தது. லட்சுமணன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். வீட்டுக்குப் போய் அம்முவைக் கையோடு அழைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு நடந்தான்.

வழியெல்லாம் சேர்த்துவைத்த கோபத்தைத் தலைமையாசிரியை இருதயம்மாளிடம் கொட்டினான். பிள்ளைகளைப் பாழாக்குகிறீர்கள், முதலாவதாக வந்த பள்ளியில் பத்தாம் வகுப்பு சேர்க்கப்போகிறேன், டி.சி.யைக் கொடுங்கள் என்றான்.

அவர் உடனே டி.சி.யில் கையெழுத்துப் போட்டார். கூடவே ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டு ஒட்டி, அந்தப் பள்ளி ஹெட்மாஸ்டர் வால்டரிடம் கொடுக்கச் சொன்னார்.

ரோஷமில்லாத பொம்பளை என்று நினைத்துக்கொண்டான் லட்சுமணன்.

முதலிடப் பள்ளியின் வாசலில் மாவிலைத் தோரணம் கட்டியிருந்தது. மேசைமேல் ரோஜா மாலை. பூரிப்போடு வரவேற்ற வால்டர், அம்முவின் மார்க்கைப் பார்த்ததும் சுருங்கிப்போனார். கணக்கில் முப்பத்தொன்று. வகுப்பில் இடமில்லை என்றுவிட்டார்.

வேறு வழியில்லாமல் கடிதத்தை நீட்டினான் லட்சுமணன். வால்டர் படித்தார். மறுபடியும் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரி, சேத்துக்கறேன்" என்றார் சன்னமாக.

"அப்டி இன்னா சார் எழுதிகீறாங்க?"

நல்ல மனிதர்தான், மறைக்கவில்லை. படித்தே காட்டினார்.

'முதலிடத்துக்கு வாழ்த்துகள், வால்டர். கணக்கு வராது என்று போன வருஷம் நீங்கள் டி.சி. கொடுத்து அனுப்பிய பதினொரு பேரையும் நான் சேர்த்துக்கொண்டேன். நாலு பேர் பாஸ். மிச்சம் ஏழு பேரும் அக்டோபரில் மறுபடி எழுதுகிறார்கள். இன்று சாயங்காலமே அவர்களுக்கு வகுப்பு ஆரம்பம். இந்தப் பெண்ணுக்கும் கணக்கு வராது. இந்த ஒருத்தியை மட்டும் நீங்கள் சேர்த்துக்கொள்ளுங்களேன்.'

லட்சுமணன் மேசைமேல் இருந்த டி.சி.யை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்தான்.

அப்பாவும் மகளும் திரும்பிப் போனபோது, இருதயம்மாள் ஏழு பேரை எதிரே உட்காரவைத்துக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். வாசலில் இவர்களைக் கண்டதும் அவர் முகம் வாடியது. வால்டர் சேர்த்துக்கொள்ளவில்லையா என்று கேட்டார்.

"சேத்துக்கறேன்னுதான் சொன்னாரு. நாந்தான் வாணாம்னுட்டேன். எம் பொண்ணு இங்கியே இருக்கட்டும் டீச்சர்."

அம்மு அதற்குள் எட்டாவது ஆளாகப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

இருதயம்மாள் கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டுச் சிரித்தார்.

"போச்சு, அப்ப அடுத்த வருஷமும் நாமதான் கடைசி."