வழி தவறிய அம்பு

இணைய வகுப்பில் செண்பகவல்லி டீச்சர் தம் திரையை மாணவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். வட்டம் வரையும் கருவியைத் தேடிப் போன மவுஸ் அம்பு, வழி தவறி எழுத்துருப் பட்டியலுக்குள் போய் முழித்தது.

பகிர்வை நிறுத்தும் சிவப்புப் பட்டன் சிரித்தது. "என்னப்பா, சொந்த ஊர்லயே வழி தெரியலையா? வகுப்பே பார்க்குது, மானம் போகுது! என்னை அழுத்து, திரையை மூடிடறேன். யாருக்கும் தெரியாம தேடிட்டு வா."

"மூடிட்டா, நான் எப்படித் திரும்பி வந்தேன்னு பிள்ளைங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றது அம்பு.

இன்னும் இரண்டு தப்பான பட்டியல்களைத் திறந்தது, மூடியது. ஒருவழியாக வட்டம் கிடைத்தது. "அப்பாடா!" என்று டீச்சரே சிரித்துவிட்டார்.

அதுவரை ஒருநாளும் தன் திரையைக் காட்டியிராத இன்பநிலா மைக்கைத் திறந்தாள். "டீச்சர், நானும் வட்டம் கிடைக்காமதான் மாட்டிக்கிட்டு நிக்கிறேன். என் திரையைக் காட்டட்டுமா?"

அவள் திரை விரிந்தது. மூலையில் ஒரு அம்பு நடுங்கிக்கொண்டு நின்றது. அங்கேயும் ஒரு சிவப்புப் பட்டன் இருந்தது.

"நீ போய்த் தேடு, கண்ணு," என்றது அது. "நான் வாயே திறக்க மாட்டேன்."