இடப்பக்கக் கொக்கி

சிறுவாச்சூர் அருகே லாரி மோதி இறந்த மகன் அரவிந்தன் பழுதுபார்த்துப் பாதியில் விட்டுப்போன பழைய அம்பாசிடர் காரை நல்லதம்பியே முடிக்க நினைத்தார். கதவின் உள்அட்டையைப் பிடிக்கும் கிளிப் பெரம்பலூரிலும் இல்லை, அரியலூரிலும் இல்லை. சைக்கிள் கம்பியைக் குறட்டால் வலப்பக்கமாக வளைத்து, அவரே கிளிப்கள் செய்து மாட்டினார்.

மறுநாள் காலை அட்டையைக் கழற்றியபோது கிளிப்களின் கொக்கிகள் எல்லாம் இடப்பக்கம் திரும்பியிருந்தன. அரவிந்தன் இடக்கைக்காரன். அவன் வளைத்தால் அப்படித்தான் இருக்கும்.

அதன்பிறகு தினமும் மாலையில் புதுக் கிளிப் மாட்டினார், காலையில் கழற்றினார்.

“வந்துட்டுப் போயிருக்கான் பாரு,” என்று மனைவி மலர்கொடியிடம் காட்டுவார்.

“போதுங்க. புள்ள இனியாச்சும் தூங்கட்டும்,” என்று அவள் அழுவாள்.

இன்று காலை எல்லாக் கொக்கிகளும் அவர் வளைத்தபடியே வலப்பக்கம் இருந்தன. மலர்கொடி வருவதற்குள் நல்லதம்பி குறட்டினை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார்.