பதிமூன்று பேர் வேண்டும்

மணி நாலே முக்கால். போன் திரையில் பன்னிரண்டு என்ற எண் அசையாமல் நின்றது.

ஐந்து மணிக்குள் பதிமூன்று பேர் சேர்ந்தால்தான் எங்கள் பள்ளியில் அடுத்த வருடம் இயற்பியல் வகுப்பு உண்டு. இல்லாவிட்டால் எல்லோரையும் வேறு பாடத்துக்குத் தள்ளிவிடுவார்கள்.

என் தோழி சேபோம் நகத்தைக் கடித்தே தீர்த்துவிட்டாள். தென்கொரியாவில் எங்கள் கோஜே தீவில் பாதி அப்பாக்களுக்குக் கப்பல் தளத்தில்தான் வேலை. அவள் அப்பாவும் அங்கே வெல்டர். இவளுக்கோ கப்பலை வடிவமைக்க வேண்டும். இயற்பியல் படிக்காதவர்களைக் கப்பல் பொறியியல் துறை ஏறெடுத்தும் பார்க்காது. அவளுக்காகவே நானும் பெயர் கொடுத்திருந்தேன்.

"இன்னும் ஒரே ஒருத்தர்தானேடி, வந்துரும்" என்றேன்.

கடைசி வரிசையில் தேஹோவும் கூட்டாளிகளும் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தார்கள். எந்தப் பாடம் என்று இன்னும் முடிவு செய்யவில்லையாம்.

அப்போதுதான் இன்சோப் எழுந்தான். எப்போதும் முதல் மார்க் வாங்குகிறவன். நாலு கேள்வி கேட்டால் அரை பதில் சொல்கிறவன், அன்றைக்கு வராந்தா வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னான். "நான் இயற்பியல்லேருந்து விலகிட்டேன். உலக வரலாறு போட்டுட்டேன்."

திரையில் பதினொன்று.

சேபோம் முகம் வெளிறிப்போயிற்று. எனக்கு வந்ததே கோபம்.

"உனக்கெல்லாம் மனசாட்சியே இல்லையாடா? சின்ன வகுப்புல முதல் கிரேடு ஒருத்தருக்குத்தான். அது சேபோமுக்குப் போயிருமோன்னு பயந்துட்டே, அதானே?"

அவன் பையை மாட்டிக்கொண்டு போயே போய்விட்டான். சுயநலப் பிசாசு என்று அவன் முதுகைப் பார்த்துத் திட்டித் தீர்த்தேன்.

சேபோம் என் கையைக் கிள்ளினாள். "ஏய், இங்க பாருடி."

பன்னிரண்டு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பதிமூன்று. பதினான்கு. ஐந்து அடிக்கும்போது பதினாறு.

இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அவன் ஒருத்தன் இல்லாவிட்டால் என்ன, வகுப்பு வந்துவிட்டது.

மார்ச் மாதம், புதுக் கல்வியாண்டின் முதல் இயற்பியல் வகுப்பு. ஆசிரியர் வருவதற்கு முன்னால் கதவைத் திறந்துகொண்டு இன்சோப் உள்ளே வந்தான்.

கடைசி வரிசையில் தேஹோ பதறிவிட்டான். "நீ ஏண்டா இங்க வந்தே? நீ இருந்தா அந்த ஒரு முதல் கிரேடும் உனக்குத்தான்னுதானே நாங்க யாரும் சேரல. நீ விலகிட்டேன்னு சொன்ன அப்புறம்தானே பேர் குடுத்தோம்?"

"பயப்படாதே. பட்டியல்ல என் பேர் இல்ல. இது எனக்கு ஓய்வு நேரம், சும்மா பாடம் கேக்க வந்தேன்."

சேபோம் திரும்பி அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குத் தலை நிமிரவில்லை.

"விலகறவன் சத்தமில்லாம விலகியிருக்கலாம்ல?" என்று மெதுவாகக் கேட்டாள். "அன்னிக்கு ஏன் அப்படிக் கத்தினே?"

இன்சோப் தேஹோவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நோட்டைத் திறந்தான்.

"கடைசி வரிசை வரைக்கும் கேக்க வேணாமா?"