பதினோராவது கிணறு

"நாளைக்கு மட்டும் மீனம்மாக்காவை வர வேண்டாமெண்டு சொல்லிப்போடுங்கோ அண்ணை."

இதைச் சொல்லும்போது சிவரூபி முத்துலிங்கத்தின் முகத்தைப் பார்க்கவில்லை.

கிராம அபிவிருத்திச் சங்கத் தலைவரான முத்துலிங்கம் உடனே தலையாட்டினார்.

"அது சரிதான் பிள்ளை. எடுத்ததுக்கெல்லாம் குறுக்கை கேள்வி கேட்டுக்கொண்டு நிப்பா. வாறவை என்ன நினைப்பினம்?"

வருகிறவர்கள் கொழும்பிலுள்ள ஒரு விஞ்ஞானக் கல்வி நிதியத்தின் ஆட்கள்.

பட்டம் முடித்தும் வேலை கிடைக்காமலிருந்த சிவரூபி, பரந்தனுக்கு அப்பாலிருந்த அந்தக் குடியேற்றத்தில் இரண்டு வருடமாக 'சனிக்கிழமை விஞ்ஞானம்' நடத்தி வந்தாள். வயல்காரர், கூலிக்குப் போகிறவர்கள், வீட்டுப் பெண்கள் என்று முப்பது பேர் பொதுநோக்கு மண்டபத்தில் கூடுவார்கள். பதினாலு கிணறுகளில் உப்பு அளந்து, சுவரில் ஒட்டிய பெரிய தாளில் திகதியோடு குறிப்பார்கள்.

உப்பு அளக்கும் கருவி இரவல். கொடுத்த பழைய சிநேகிதி திருப்பிக் கேட்டிருந்தாள். இந்த நிதி கிடைக்காவிட்டால் எல்லாம் அத்தோடு சரி. ஏற்கெனவே மூன்று இடத்துக்கு விண்ணப்பம் எழுதி, மூன்றும் கைவிரித்துவிட்டன.

மறுநாள் காலை பத்து மணிக்கு, சனம் மண்டபத்தில் கூடியிருக்க, வாகனம் வந்து நின்றது.

மதிப்பீடு செய்ய வந்த விமலேஸ்வரி லேசில் சிரிக்கிற ஆளில்லை. கதிரையில் இருந்ததும் குறிப்புப் புத்தகத்தை விரித்துக்கொண்டார்.

சிவரூபி பேசத் தொடங்க, கதவடியில் ஒரு அசுமாத்தம். மீனம்மா! தோட்டத்து மண் காயாத காலோடு வந்து, கடைசி வாங்கில் குந்தினாள்.

சிவரூபி முத்துலிங்கத்தைப் பார்த்தாள். 'சொன்னனான்' என்று அவர் கையை விரித்தார்.

வேறு வழியில்லை. சிவரூபி தொடர்ந்தாள்.

"பதினோராவது கிணத்தைப் பாருங்கோ மேடம். சித்திரையிலை உப்பு சட்டெண்டு குறைஞ்சிருக்கு. சிறுபோக வயலுக்கு இரணைமடுக் குளத்து வாய்க்கால் திறந்தவை. நல்ல தண்ணி ஊறி உப்பைக் குறைச்சிட்டுது."

விமலேஸ்வரி எழுதிக்கொண்டார்.

"அது தப்பு டீச்சர்" என்று எழும்பினாள் மீனம்மா.

மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அவளுடையது. அந்தப் பேச்சு அவளிடம் அப்படியே இருந்தது.

"மீனம்மா, இப்ப இரும். பிறகு கதைப்பம்" என்றார் முத்துலிங்கம், பல்லைக் கடித்துக்கொண்டு.

அவள் உட்காரவில்லை.

"வாய்க்கா தொறந்தது வெள்ளிக்கிழமை. அன்னைக்கு நான் அதுலதான் புல்லு வெட்டிக்கிட்டிருந்தேன். உப்பு கொறஞ்சது அதுக்கு முந்தின சனிக்கிழமை. நாந்தான் அளந்தேன், தேதி போட்டிருக்கு பாருங்க. வராத தண்ணி எப்படி டீச்சர் உப்பக் கொறைக்கும்?"

சிவரூபிக்குக் காது சுட்டது. விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே இந்த வாய்க்கால் விஷயத்தைத்தான் பெருமையாக எழுதியிருந்தாள்.

திகதி மாறி எழுதுப்பட்டுப்போச்சு என்று சொல்லிச் சமாளிக்கலாம். பட்டதாரி சொல்லும்போது மீனம்மாவின் பேச்சை யார் எடுக்கப் போகிறார்கள்?

திரும்பித் தாளைப் பார்த்தாள். மீனம்மாவின் கோணல் எழுத்தில் திகதி தெளிவாக நின்றது.

"மேடம், அக்கா சொல்லுறதுதான் சரி" என்றாள். "நான் சொன்னது பிழை. ஏன் குறைஞ்சதெண்டு எனக்குத் தெரியாது."

"திருவிழாவுக்கு அந்தக் கிணத்த அடி தெரிய எறச்சாங்களே டீச்சர், அதுவா இருக்குமோ?"

"இருக்கலாம். இன்னொரு கிணத்தையும் அப்பிடி இறைச்சு அளந்தாத்தான் சொல்லலாம்."

"எங்கட கிணத்தை இறையுங்கோ!" என்று எழும்பினார் ஒருவர்.

"உங்கடை தூரத்திலை கிடக்கு. எங்கடைதான் பக்கத்துக் கிணறு!"

"ஒண்டை இறைச்சா மட்டும் போதுமோ? இன்னொண்டை இறைக்காமல் விட்டு ரெண்டையும் பாக்க வேணுமெல்லே!"

மண்டபம் இரைந்தது. ஒருவர் தண்ணீர் பம்ப் எடுத்துவர ஓடினார். கொழும்பிலிருந்து வந்தவர்களை எல்லாரும் மறந்தே போனார்கள். விமலேஸ்வரி புத்தகத்தை மூடிவிட்டு, சனத்தோடு சனமாகக் கிணற்றடிக்கு நடந்தார். பின்னேரம், நிதி கிடைக்குமா இல்லையா என்று சொல்லாமலே வாகனத்தில் ஏறினார்.

"எல்லாத்தையும் கவிட்டுக் கொட்டிப்போட்டா மீனம்மா" என்றார் முத்துலிங்கம்.

சிவரூபி அன்று சாப்பிடவில்லை.

மூன்று கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை கூட்டத்துக்கு நடுவில் அவளுடைய போன் அடித்தது. விமலேஸ்வரி.

"மூண்டு வருசத்துக்கு உங்களுக்கு நிதி கிடைச்சிருக்கு சிவரூபி. வடக்கிலை இந்த முறை உங்கட ஊருக்கு மட்டும்தான்."

சிவரூபி போட்ட சத்தத்தில் முத்துலிங்கம் கதிரையோடு சரியப் பார்த்தார். விஷயம் விளங்கியதும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு ஓடி, ஊருக்கே கேட்கக் கூவிச் சொன்னார். யாரோ சீனவெடி கொளுத்தினார்கள். யாரோ சோடாப் பெட்டியோடு வந்தார்கள். பதினாலு கிணற்றுக்கும் பதினாலு கருவி! பெண்கள் மீனம்மாவை நடுவில் இழுத்துவிட்டுக் கைதட்டினார்கள்.

சிவரூபி ஒரு காதைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள்.

"மேடம், அண்டைக்கு உங்களுக்கு முன்னாலையே நான் அவ்வளவு பிழைபட்டனான். பிறகெப்பிடி...?"

விமலேஸ்வரி சிரிப்பது முதன்முறையாகக் கேட்டது.

"வாறதுக்கு ஒரு கிழமை முதல், நீங்கள் அனுப்பின பெயர்ப் பட்டியலிலை ஒருத்தருக்குப் போன் எடுத்து விசாரிச்சனான். 'எங்க டீச்சர்கிட்ட தப்புன்னு சொன்னா கோவிக்க மாட்டாங்க, திருத்திக்குவாங்க' எண்டு சொன்னவ. படிச்ச ஆக்களிலை அப்பிடி ஒருத்தரை நான் காணேல்லை எண்டு சொன்னன். 'அப்ப நீங்க வாங்க, உங்க முன்னாடியே சொல்லிக் காட்டுறேன்' எண்டா மீனம்மா."