இஞ்சி இடிக்கும் சத்தம்

அந்த ஜப்பானியக் கார்ட்டூன் படத்தை எத்தனை தடவை பார்த்தாலும் வசுமதி ஒரே இடத்தில்தான் அழுவாள். கப்பல் கிளம்பிவிடும். கரையில் நிற்கும் பெண், மழையே இல்லாத வெயிலில் மஞ்சள் குடையை விரிப்பாள், போகிறவன் கண்ணுக்குக் கடைசிவரை தெரிய வேண்டுமென்று. குடை சின்னதாகி, பொட்டாகி, இல்லாமல் போகும். அதற்குக் கொஞ்சம் முன்னாலேயே அவள் புருஷன் ஞானசேகர், "டீ போடறேன்" என்று எழுந்துவிடுவான். படம் முடியும்வரை சமையலறையில் இரும்பு உரலில் இஞ்சி இடிக்கும் சத்தம் கேட்கும். கல்யாணத்துக்கு முன்னால் இருந்த ஒருவனை நினைத்து அவள் அழுகிறாள் என்று அவனுக்குத் தெரியும். ஒருநாளும் கேட்டதில்லை. அதற்காகவே அவனை அவளுக்குப் பிடித்துப்போனது.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவனுக்குக் கால் சுளுக்கியிருந்தது. கப்பல் சங்கு ஊதியதும் எழப் பார்த்தான், முடியவில்லை. "கொஞ்சம் நிறுத்தேன், வசு" என்றான். அவள் ரிமோட்டைத் தேடி எடுப்பதற்குள் குடை விரிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள். அவன் துண்டால் முகத்தை மூடியிருந்தான். தோள் குலுங்கியது.

பதினாலு வருஷமாக அந்த இஞ்சியைத் தன் அழுகைக்கும் சேர்த்துத்தான் இடித்திருக்கிறான்.

"நீங்க உக்காருங்க. இன்னிக்கு டீ நான் போடறேன்."

இஞ்சி நாலு இடியிலேயே நசுங்கிவிட்டது. அதை வழித்துக் கொதிக்கும் தண்ணீரில் போட்டாள். கூடத்தில் விசும்பல் இன்னும் அடங்கவில்லை. வசுமதி வெறும் உரலை இடித்துக்கொண்டே இருந்தாள்.