அண்ணி கை பட்டால்

“என்னங்க, ஃபேனும் போச்சு.”

வேலையிலிருந்து வந்த கணவனின் காதோடு சொன்னாள் அவள்.

“யாரு, அக்காவா?”

தலையை மட்டும் ஆட்டினாள். கணவனின் அக்கா அவளுக்கு அண்ணி. கூடத்தில் காலை நீட்டி உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“அங்க என்ன ரெண்டு பேரும் குசுகுசுன்னு? நான் ஒண்ணும் பண்ணல. சும்மா தொட்டேன். அதுவா நின்னுடுச்சு.”

“அயர்ன் பாக்ஸும் அதுவாத்தான் நின்னுச்சு. இன்னும் மூலையில கெடக்கு. உன் கைய ஒரு பெட்டியில வெச்சுப் பூட்டணும்க்கா.”

“பூட்டேன். அப்புறம் உம் புள்ளைய யாரு தூக்குவா?”

பிள்ளை வியர்வையில் நனைந்து சிணுங்கிக்கொண்டிருந்தான். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. அவள் சுபாவம் அப்படி.

கணவனின் கம்பெனியில் ஆர்டர் இல்லை. வாரத்தில் பாதி நாள்தான் வேலை, பாதிச் சம்பளம். ஊரே அப்படித்தான் இருந்தது. யாரும் புதிதாக எதையும் வாங்கவில்லை, பழசையே ரிப்பேர் பண்ணி ஓட்டினார்கள். அதைப் பார்த்துத்தான் அவளுக்கு அந்த ஆசை வந்தது. ரிப்பேர் வேலை கற்றுக்கொண்டு தெருமுனைக் கடையில் சேர்ந்துவிட வேண்டும். இலவச வகுப்பு ஒன்று நடக்கிறது என்று தெரிந்ததும் போய்ச் சேர்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டில் கொஞ்சம் சர்க்கரை கேட்கவே கூச்சப்படுகிறவள், இதை மட்டும் யாரையும் கேட்காமல் செய்தாள்.

“சரி, ஃபேனைக் கடையில குடுத்துட்டு வரேன்,” என்றான் கணவன்.

“காசு என்ன கொட்டியா கெடக்கு? வகுப்புக்குப் போறாளே மகாராணி, அவ பாக்கட்டும். இல்ல, சும்மா வேடிக்கை பாக்கத்தான் போறாளா?”

சுருக்கென்றது அவளுக்கு. ஏனென்றால் அது உண்மை. வகுப்பு முழுவதற்கும் ஒரே ஒரு ஃபேன். முண்டியடித்து முன்னால் போகிறவர்கள் கழற்றிப் பார்த்தார்கள். அவள் பின்னால் நின்று எட்டிப் பார்த்ததோடு சரி.

அன்றைக்கு ரோஷத்தில் ஃபேனை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஸ்க்ரூடிரைவர் இரண்டு தடவை நழுவியது.

“பிளக்கைப் பிடுங்கினியா? எனக்கு இருக்கறது ஒரே ஒரு தம்பி பொண்டாட்டி,” என்றாள் அண்ணி.

உள்ளே ஒரு ஒயர் கழன்றிருந்தது. மாட்டினாள். ஃபேன் சுற்றியது. பிள்ளை கை தட்டினான்.

“ம், சுத்துது,” என்றாள் அண்ணி. அவ்வளவுதான்.

அந்தத் தைரியத்தில் அயர்ன் பாக்ஸையும் சரிசெய்தாள். அப்புறம் கெட்டில் நின்றது. அப்புறம் ரேடியோ. ஒரு தடவை ஒயர் கழன்றிருந்தது பிளக்கில், ஒரு தடவை சுவிட்சில். அண்ணி தொட்டால் நின்றது, அவள் தொட்டால் ஓடியது.

தெருமுனைக் கடைக்குப் போய் வேலை கேட்டாள். கடைக்காரர் அவளைச் சோதித்துப் பார்க்க ஓர் அயர்ன் பாக்ஸை நீட்டினார்.

“கோளாறு எங்கன்னு நீயே கண்டுபிடிச்சிட்டா நாளையிலேர்ந்து வாம்மா. இல்லேன்னா கோச்சுக்காதே.”

ஸ்க்ரூடிரைவர் நழுவவில்லை. கழற்றினாள், பார்த்தாள், சொல்லிவிட்டாள்.

“ஒயர் கழண்டிருக்குங்க.”

“அட! சட்டுனு பிடிச்சிட்டியே!”

“வீட்டுல எல்லாம் இப்படித்தாங்க கெட்டுப் போகும். ஆனா அங்க ஒயர் மட்டும்தான் கழண்டிருக்கும். அதைப் பிடிச்சிருக்கற ஸ்க்ரூ இறுக்கமாத்தான் இருக்கும்.”

கடைக்காரர் சிரித்தார். “ஸ்க்ரூ தளராம ஒயர் எப்படிம்மா தானா கழலும்? யாரோ வேணும்னே கழட்டி விட்டிருக்காங்க.”

வேலை கிடைத்தது. சந்தோஷம்தான் வரவில்லை. வழியெல்லாம் நெஞ்சு கொதித்தது. வேணும்னேவா? குடும்பம் இருக்கிற இருப்பில் வீட்டுச் சாமானைக் கெடுக்க ஒருத்திக்கு மனசு வருமா? நான் தலையெடுப்பது அவ்வளவு பொறுக்கவில்லையா?

வீட்டுக்குள் நுழைந்ததும், வாழ்க்கையில் முதல்முறையாகச் சத்தம் போட்டாள்.

“எல்லாத்தையும் வேணும்னேதானே கெடுத்தீங்க, அண்ணி?”

அண்ணி பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை.

“வேலை கெடச்சுதா? மொதல்ல அதைச் சொல்லு.”

“கெடச்சுது.”

“அப்பாடா!” அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டாள். “இனிமே கரண்டுக்குப் பயந்து சாக வேண்டாம். ஒவ்வொரு தடவையும் மெயினை அணைச்சு, ரப்பர் செருப்பைப் போட்டுக்கிட்டு… ஐயோ, உசிரு போய் உசிரு வந்துச்சு.”

“எதுக்கு அண்ணி?”

“எதுக்கா? ‘அம்மா கைக்கு ஸ்க்ரூடிரைவரே வர மாட்டேங்குதுடா கண்ணு’ன்னு புள்ளையத் தூங்க வெக்கறப்ப அவன் காதுல சொல்லி அழுதியே, பக்கத்துல படுத்திருந்த எனக்குக் காது இல்லையா? வீட்டுல ஏதாச்சும் கெட்டாத்தானே நீ கைய வெப்பே? அயர்ன் பாக்ஸைக் கெடுத்துப் பாத்தேன், நீ தொடவே இல்ல. அதான் ஃபேனுக்குப் போனேன்.”

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அண்ணியின் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

“ஒயரைக் கழட்டினீங்க, சரி. ஸ்க்ரூவை ஏன் அண்ணி திரும்ப முறுக்கி வெச்சீங்க? அதுலதானே மாட்டிக்கிட்டீங்க.”

“பின்ன? அது எங்கயாவது உருண்டு தொலைஞ்சா புதுசு வாங்கணுமே! நாம இருக்கற நெலமையில வீண் செலவு பண்ண முடியுமா, சொல்லு?”